நீலக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஆர்வோ கோர்பி எங்கள் ஊருக்கு வந்த அன்று பேருந்து நிலையத்துக்குப் போய் அவனை அழைத்துவந்தவன் நான்தான். 1964 செப்டம்பர் கடைசி. முதல்நாள் மழை பெய்திருந்ததால் காகித ஆலையின் நாற்றம் மேலே போக வழியில்லாமல் பெல்டன் ஃபால்ஸ் தெருக்களிலேயே படுத்துக் கிடந்தது. கனடாவின் வடக்கே மரம் வெட்டும் ஊர் ஒன்றிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தான். வயது இருபது. ஒரு துணிப்பை, கயிற்றால் சேர்த்துக் கட்டிய மூன்று ஹாக்கி மட்டைகள், அம்மா சுட்டுக் கொடுத்த கறுப்பு ரொட்டி ஒன்று. அவ்வளவுதான் சாமான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"ம்."

"பஸ்ல தூங்கினியா?"

"இல்ல."

"முன்னால ஆடுவியா, பின்னால ஆடுவியா?"

"பின்னால."

அந்த வாரம் முழுவதும் அவன் பேசியதில் மிக நீளமான உரையாடல் அதுதான். ஃபின்லாந்துக்காரர்கள் வீட்டில் பிறந்தவன், ஆங்கிலம் சரியாக வராதோ என்று நினைத்தேன். அப்புறம் அவன் அப்பா ஒருமுறை ஆட்டம் பார்க்க வந்தார். மகனும் அப்பாவும் சொந்த மொழியில் பேசிக்கொண்டதும் அதே அளவுதான் என்று கண்டபோது சந்தேகம் தீர்ந்தது.

என் பெயர் எம்மட் ஃபோலி. பெல்டன் ஃபால்ஸ் பீவர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்குப் பதினெட்டு வருடம் சகல வேலையும் பார்த்தவன். சறுக்குக் காலணிகளின் கத்தியைத் தீட்டுவேன், வியர்வை நாறும் சட்டைகளைத் துவைப்பேன், உதடு கிழிந்தால் தையல் போடுவேன். டாக்டர் ஆட்டத்துக்கு வருவது அவருக்கு வேறு வேலை இல்லாத நாளில்தான். அதனால் ஊரில் பாதி ஆட்டக்காரர்களின் முகத்தில் என் தையல் இருந்தது.

எங்கள் லீக் பெரியதல்ல. தொலைக்காட்சியில் காட்டும் மேல் லீக்குக்குக் கீழே ஒரு லீக், அதற்கும் கீழே ஒன்று, அது நாங்கள். ஆறு ஊர், ஆறு அணி, அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை எழுபது ஆட்டத்துக்கு மேல். பனித்தளத்தில் ஒரு பக்கத்துக்குக் கோல்காப்பாளர் போக ஐந்து பேர். முன்னால் மூவர், பின்னால் இருவர். முன்னால் ஆடுபவன் கோல் போட்டால் மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும். பின்னால் ஆடுபவன் பெயர் வந்தால் பெரும்பாலும் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆர்வோவின் பெயர் மாதக் கணக்கில் வராமலே போகும்.

அவன் வேகமான ஆள் இல்லை. அதை அவனே ஒப்புக்கொள்வான். ஆனால் பின்பக்கமாகச் சறுக்குவதில் அவனைப் போல ஒருவனை நான் பார்த்ததில்லை. எதிரணியில் இரண்டு பேர் பாய்ந்து வருவார்கள், தடுக்க இவன் ஒருவன் மட்டும் இருப்பான். மற்றவர்கள் பதறிப்போய், பந்துக்குப் பதிலாக நாங்கள் அடித்தாடும் வட்டின் மேல் விழுவார்கள். இவன் விழமாட்டான். கடைக்காரன் கதவைச் சாத்துகிற மாதிரி, அவசரமே இல்லாமல், இருவருக்கும் நடுவில் மட்டையை நீட்டியபடி பின்னால் போய்க்கொண்டே இருப்பான். அவர்களுக்கு வட்டை மாற்றிக்கொள்ள வழி கிடைக்காது. கடைசியில் எரிச்சலில் எங்கிருந்தாவது அடித்துவிடுவார்கள். அந்த அடி இவன் கணுக்காலிலோ விலாவிலோ படும். கறுப்பு ரப்பர் வட்டுதான், ஆனால் உறைந்து கிடக்கும்போது கல்.

எங்கள் பயிற்சியாளர் ஹாமில் முதல் மாதத்திலேயே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார். "டேய், இவன் ஆட்டக்காரன் இல்லடா, கம்பம். நட்டு வெச்சா நட்ட இடத்துல நிப்பான்." அன்றிலிருந்து அவன் எல்லோருக்கும் கம்பம். அவனுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

1967 ஜனவரியில் எங்கள் பேருந்து ஓட்டுநர் கீழே விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். டன்மோருக்கு நான்கு மணி நேரப் பயணம், ஓட்ட ஆளில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற வெர்னா லேப்பம் என்ற பெண்ணைக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வயது, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, ஓட்டுநர் இருக்கையில் ஏறியதும் திரும்பி எங்களை எண்ணினாள்.

"கேளுங்கப்பா. என் பஸ்ல எச்சில் துப்பக்கூடாது. கெட்ட வார்த்தை பேசக்கூடாது. எழுந்து நடக்கக்கூடாது. ஆறாங்கிளாஸ் பசங்களே ஒழுங்கா இருக்காங்க, உங்களுக்கு என்ன?"

பின்னாலிருந்து எவனோ சிரித்தான். அவள் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் யாரும் வாலாட்டவில்லை.

ஆர்வோ அவள் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். அடுத்த பயணத்திலும் அங்கேதான். மூன்றாவது பயணத்தில், ஒரு மேட்டில் ஏறும்போது, முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"இடது பக்கம் பின் டயர்ல காத்து கம்மி."

வெர்னா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம்."

வண்டியை நிறுத்திப் பார்த்தாள். உண்மைதான். அடுத்த வருட ஜூனில் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. மூன்று பயணம் யோசித்து ஒருத்தன் டயரைப் பற்றிப் பேசினால் அவன் பொய் பேசத் தெரியாதவனாகத்தான் இருக்க வேண்டும் என்று வெர்னா பிற்காலத்தில் என் மனைவியிடம் சொன்னாளாம். கோடைகாலத்தில் ஆர்வோ காகித ஆலையின் மரத் தொட்டியில் வேலை செய்தான். பனி விழுந்ததும் எங்களிடம் வந்துவிடுவான்.

லூசியன் பெலான்ஜே 1969இல் வந்தான். இருபத்திரண்டு வயது, கியூபெக்கில் ஏழு அண்ணன் தம்பிகளோடு பிறந்தவன். சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் பேசாவிட்டால் பட்டினிதான் என்று வளர்ந்தவன். அவனும் பின்னால் ஆடுபவன்தான், ஆனால் பெயருக்குத்தான். வட்டு கைக்கு வந்தால் போதும், எல்லோரையும் தாண்டி முன்னால் ஓடிவிடுவான். அவன் ஓடும்போது பார்க்க அழகாக இருக்கும். கூட்டம் எழுந்து நிற்கும். ஆனால் வட்டைப் பறிகொடுத்தால் அவன் விட்டுப்போன இடம் காலியாகக் கிடக்கும், எதிரணி அந்த வழியே கோலுக்குள் வந்துவிடும். முதல் மாதத்தில் மூன்று பேரை அவனுக்கு ஜோடியாகப் போட்டுப் பார்த்தார் ஹாமில். மூன்று பேரும் வந்து, இவனோடு ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான்காவதாக ஆர்வோவைக் கூப்பிட்டார். எதிர்க் கோலுக்கு முன்னால் தளத்தைக் குறுக்கே வெட்டும் நீலக் கோட்டைக் காட்டினார். "கம்பம், இந்தா பாரு. அவன் எங்க வேணா போகட்டும். நீ இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லு. அவன் வீட்டுக்கே போயிட்டாலும் நீ போகாத."

"சரி, கோச்."

"உனக்குச் சம்மதம்தானே?"

"நான் எப்படியும் போறதில்லையே."

அப்படித்தான் அந்த ஜோடி உருவாயிற்று. லூசியன் அவனைவிட மூன்று வயதுதான் சின்னவன், ஆனாலும் "கிழவா" என்றுதான் கூப்பிடுவான். அவர்கள் ஊரில் நண்பனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். உடை மாற்றும் அறையில் லூசியன் பேசிக்கொண்டே இருப்பான், ஆர்வோ காலணி முடிந்துகொண்டே இருப்பான்.

"டேய் கிழவா, நேத்து நான் போன போக்கப் பாத்தியா? மூணு பேரு! மூணு பேரையும் தாண்டினேன்!"

"பாத்தேன்."

"எப்படி இருந்துது?"

"நாலாவது ஆள் இருந்தான்."

அறையே சிரிக்கும். லூசியன்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பான்.

தளத்தில் இரைச்சலுக்கு நடுவே கத்தினால் கேட்காது. அதனால் ஆர்வோ ஒரு வழி கண்டுபிடித்தான். மட்டையால் பனியில் ஒருமுறை தட்டினால், நான் உன் பின்னால் இருக்கிறேன், போ என்று அர்த்தம். இரண்டுமுறை தட்டினால், போகாதே, திரும்பி வா. லூசியன் உலகத்தில் யார் சொல்லையும் கேட்காதவன். ஹாமில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. ஆனால் அந்த மட்டைச் சத்தத்துக்கு மட்டும் குதிரை மாதிரி காதைத் திருப்புவான்.

மூன்று பருவம் அப்படி ஆடினார்கள். 1972 பிப்ரவரியில் மேல் லீக் அணி ஒன்றிலிருந்து ஆள் பார்க்க ஒருவர் வந்தார். லெஸ்டர் க்ரோன் என்று பெயர். கழுத்துப் பட்டி, மழைக்கோட்டு, கையில் சின்னக் குறிப்பேடு. தொடர்ந்து மூன்று ஆட்டம் உட்கார்ந்து பார்த்தார். லூசியன் அந்த மூன்றிலும் நெருப்பாக ஆடினான். ஞாயிறு மதியம் ஆட்டம் முடிந்ததும் க்ரோன் வந்து அவன் கையைக் குலுக்கினார். செவ்வாய்க்கிழமை கிளம்பி வரச் சொன்னார்.

பிறகு அவர் ஆர்வோவைத் தேடி நான் வேலை செய்யும் அறைக்கு வந்தார். ஆர்வோ அங்கே கணுக்காலைப் பனிக்கட்டி வாளிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்றார் க்ரோன். "இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன். அந்தப் பையன் அப்படி ஓட முடியுதுன்னா அது யாரால்னு எனக்குத் தெரியும். நான் குருடன் இல்ல."

ஆர்வோ வாளிக்குள் காலை நகர்த்தி வைத்தான்.

"உன்னையும் கூட்டிட்டுப் போகலாம்னு ஆசைதான். ஆனா உன் கால் அங்கத்து வேகத்துக்குப் பத்தாது. பொய் சொல்லி என்ன பிரயோஜனம்?"

"தெரியும் சார்."

க்ரோன் கதவுவரை போய்விட்டார். அப்போது ஆர்வோ கேட்டான். "அங்க அவனுக்கு ஜோடி யாரு?"

க்ரோன் திரும்பி அவனைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை. "தெரியாதுப்பா. அது அங்க கோச் முடிவு பண்ணுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆர்வோ ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். "எம்மட், 'நம்பிக்கை'க்கு எழுத்துக் கூட்டிச் சொல்லு" என்றான். அப்படித்தான் அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன். ஏழரை வருடத்தில் அவன் அம்மாவுக்குக்கூட அரைப்பக்கத்துக்கு மேல் எழுதியதில்லை. இது இரண்டு பக்கம் நிறைந்திருந்தது.

"உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் லூசியன் பெலான்ஜேவோடு பின்னால் ஆடப்போகிறவர். அவன் நல்ல ஆட்டக்காரன். இடது பக்கம் திரும்பும்போது பின்னால் பார்க்கமாட்டான், அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு தவறு செய்வான். அதற்குத் திட்டாதீர்கள், திட்டினால் இன்னும் இரண்டு செய்வான். வாயால் கூப்பிட வேண்டாம். மட்டையால் தட்டுங்கள். ஒன்று என்றால் போ, இரண்டு என்றால் வா. பின்னால் ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தால் அவனை யாராலும் பிடிக்க முடியாது." இப்படியே போயிற்று. கீழே கையெழுத்து, அதற்குக் கீழே தன் தொலைபேசி எண்.

செவ்வாய்க்கிழமை லூசியனை வழியனுப்பும்போது கடிதத்தை அவன் கோட்டுப் பைக்குள் வைத்தான். "உன் ஜோடிகிட்ட குடு" என்றான். லூசியன் அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். ஆர்வோ கட்டிப்பிடிக்கத் தெரியாமல் கையைத் தொங்கவிட்டு நின்றான்.

அதற்குப் பிறகு ஆர்வோவுக்கு நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். டக்கெட் என்று ஒருவன் ஜோடியாக வந்தான். நிதானமானவன், இடத்தை விட்டு நகராதவன். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் எதிரணி திண்டாடிப் போயிற்று. அடுத்த அக்டோபரில் தொடங்கிய பருவத்தில் எங்கள் கோலுக்குள் விழுந்தது மிகக் குறைவு. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் ஆர்வோ பெயரும் வரும் என்று டன்மோர் பத்திரிகையே எழுதியது. வெர்னா அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். அவன் அதன்மேல் பால் வாங்க வேண்டிய சீட்டை ஒட்டிவைத்தான்.

டிசம்பரில் லூசியன் திரும்பி வந்தான். மேல் லீக்கில் முப்பத்தோரு ஆட்டம் ஆடியிருந்தான். கடைசிப் பத்து ஆட்டத்தில் அவனைப் பெஞ்சைவிட்டு எழுப்பவே இல்லையாம். முகம் உப்பியிருந்தது, காலையிலேயே சாராய வாடை. யாரோடும் பேசவில்லை. லூசியன் பேசாத உடை மாற்றும் அறை எங்களுக்கு வேறு யாருடைய அறையோ மாதிரி இருந்தது.

ஹாமில் அவனைக் கடைசி ஜோடியில் போட்டார். இரண்டு ஆட்டம், இரண்டிலும் மோசம். மூன்றாம் நாள் ஆர்வோ அவர் அறைக்குப் போனான். கதவு திறந்திருந்தது, பேசியது எனக்குக் கேட்டது.

"கோச், என்னை லூசியனோட போடுங்க."

"பைத்தியமா உனக்கு? இப்பதான் உனக்குக் கொஞ்சம் பேரு வந்திருக்கு. அவனோட நின்னா வாரம் நாலு கோல் வாங்குவ. பட்டியலும் கிடையாது ஒண்ணும் கிடையாது."

"டக்கெட் யாரோட வேணா ஆடுவான். இவன் அப்படி இல்ல."

"உன் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"அவகிட்ட கேக்கல."

"கேட்டுட்டு வா."

மறுநாள் வந்தான். "என்ன சொன்னா?" என்றார் ஹாமில்.

"'இதக் கேக்கவா வந்த, போய்ப் பால் வாங்கிட்டு வா'ன்னா."

அன்று பயிற்சியின்போது இருவரையும் ஒன்றாக நிறுத்தினார்கள். லூசியனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தளத்தின் நடுவில் மட்டையை வீசி எறிந்தான்.

"என்ன, பிச்சை போடறியா? ஊரே பாத்துச் சிரிக்கட்டும்னா?"

ஆர்வோ கேட்டது வேறு. "லெட்டரக் குடுத்தியா?"

"என்ன லெட்டரு?"

"உன் ஜோடிகிட்ட குடுக்கச் சொன்னேனே."

"இல்ல!"

"ஏன்?"

"என்னன்னுடா குடுக்கறது? பெரிய பெரிய ஆளுங்க, டிவில வர்றவங்க. அவங்ககிட்டப் போயி, 'ஐயா, ஊர்ல என்னை வளத்த ஆயா எழுதிக் குடுத்தனுப்பிச்சா, என்னைச் சூதானமாப் பாத்துக்கச் சொல்லி'ன்னு நீட்டச் சொல்றியா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஆர்வோ கையுறையைக் கழற்றினான். கையுறையைக் கழற்றினால் சண்டை என்று அர்த்தம், அவன் அப்படிக் கழற்றி நாங்கள் பார்த்ததே இல்லை. சண்டைக்கு என்றே ஆள் வைத்திருந்த காலம் அது, எட்டு வருடத்தில் அவன் ஒருமுறைகூட யாரையும் அடித்ததில்லை. ஒரே குத்து. லூசியன் பனியில் உட்கார்ந்துவிட்டான். ஆர்வோ தன் கையைப் பார்த்தான், அப்புறம் குனிந்து அவனைத் தூக்கிவிட்டான். யாரும் விலக்கப் போக வேண்டியிருக்கவில்லை.

உதட்டுக்கு நான்கு தையல். நான் தைக்கும்போது லூசியன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். பேசாதே என்று சொன்னேன். அவன் கேட்டானா?

"எம்மட், அங்க பதினாறாயிரம் பேரு. ஓன்னு ஒரே சத்தம். நான் வட்ட வாங்கிக்கிட்டு ஓடுவேன். ஓடும்போது காது பின்னாலயே இருக்கும். தட்டுவான், தட்டுவான்னு. எவனும் தட்டல. பாதியில நின்னுடுவேன். போகவா வரவான்னு தெரியாது. அப்படியே பறிச்சிக்கிட்டுப் போயிடுவாங்க."

"லெட்டரு எங்க?"

"என்கிட்டதான் இருக்கு. ஓட்டல்ல ராவெல்லாம் படிச்சேன். அதுல எழுதியிருக்கறது எல்லாமே சரிடா." கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. தையல் வலி என்று வைத்துக்கொண்டேன்.

சேர்ந்து ஆடிய முதல் ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கினோம். அதில் நான்கு இவர்கள் இருவரும் தளத்தில் இருந்தபோது. பட்டியல் வந்தது, ஆர்வோ பெயர் இல்லை, டக்கெட் பெயர் இருந்தது. வெர்னா பட்டியலை அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்தினாள். ஆனால் பிப்ரவரி வாக்கில் லூசியன் மறுபடி ஓட ஆரம்பித்தான். குடியை முழுக்க விடவில்லை, ஆட்டத்துக்கு முந்தின நாள் தொடமாட்டான். அறையில் சத்தம் திரும்பி வந்தது. காதுக்குப் பஞ்சு தேட வேண்டியிருந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் கோப்பை வென்றதில்லை. பக்கத்தில் போனது ஒரே ஒருமுறை, 1975 ஏப்ரலில். ஹார்ட்வெல் அணியோடு ஏழு ஆட்டப் போட்டி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஜெயித்தாயிற்று, ஏழாவது எங்கள் ஊரில். ஆலையில் மதிய வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். பாதிரியார்கூட மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டுக்கு இரண்டு. நான்கு நிமிடம் மீதி. லூசியனுக்கு முந்தின ஆட்டத்தில் முழங்கால் பிசகியிருந்தது. நான் போட்ட கட்டு மூன்று அடுக்கு, அதற்குமேல் காலுறைக்குள் இடமில்லை. ஓட முடியாது. அப்போது ஹார்ட்வெல்காரன் ஒருவன் கால் இடறி விழுந்தான், வட்டு நேராக ஆர்வோவின் மட்டைக்கு வந்தது. முன்னால் யாரும் இல்லை. கோல்காப்பாளர் மட்டும்தான். அறுபது அடிக்குத் திறந்த பனி.

வழக்கம்போல அவன் வட்டை யாருக்காவது தள்ளிவிட்டுப் பின்னால் வரத் தயாரானான். பெஞ்சில் நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். அப்போது ஒரு சத்தம் கேட்டது. மட்டை பனியில் ஒருமுறை தட்டும் சத்தம். லூசியன் ஒற்றைக் காலில் நீலக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தட்டினான்.

ஆர்வோ திரும்பிப் பார்த்தான். பிறகு போனான்.

அவன் முன்பக்கமாக அவ்வளவு தூரம் ஓடி யாரும் பார்த்ததில்லை. அழகெல்லாம் இல்லை, மாடிப்படியில் பீரோவை இறக்குகிற மாதிரி ஓடினான். ஆனால் கோல்காப்பாளருக்கும் இவன் என்ன செய்வான் என்று தெரியவில்லை, இவனுக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். இவன் மறுபக்கம் அடித்தான். வட்டு கோலின் இரும்புக் கம்பத்தில் பட்டு மணி அடித்த மாதிரி ஒலித்தது. அப்படியே மூலைக்கு உருண்டு போய்விட்டது.

கூடுதல் நேரத்தில் ஹார்ட்வெல் ஜெயித்தது. நான்கைந்து பேர் நெருக்கியடித்து நின்ற கூட்டத்துக்குள் எங்கிருந்தோ புகுந்து உள்ளே போன வட்டு. யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது.

உடை மாற்றும் அறையில் பெரிய ஆம்பிளைகள் துண்டுக்குள் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார்கள். ஹாமில் சுவரைப் பார்த்து நின்றார். லூசியன் காலை நீட்டி, கட்டை அவிழ்க்கவிட்டு உட்கார்ந்திருந்தான். ரொம்ப நேரம் கழித்து ஆர்வோவைப் பார்த்துச் சொன்னான்.

"ஏண்டா கிழவா, அவ்வளவு பெரிய கோலு, ஆறடி அகலம். கம்பம் போயி கம்பத்துலயேதான் அடிக்கணுமா? சொந்தக்காரன்னு பாசமா?"

ஆர்வோ சிரிக்க ஆரம்பித்தான். முதலில் தோள் குலுங்கிற்று, சத்தம் வரவில்லை. அப்புறம் வந்தது. பதினோரு வருடத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை, எவ்வளவு உரத்த சிரிப்பு தெரியுமா அது! ஒவ்வொருவராகத் துண்டிலிருந்து முகத்தை எடுத்தார்கள். கதவைத் திறந்த பத்திரிகைக்காரர், தோற்றவர்களின் அறைதானா இது என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவனிடம் கேட்டேன். "போகும்போது எப்படி இருந்துது?"

யோசித்தான். "காத்து முகத்துல அடிச்சுது" என்றான். "எப்பவும் முதுகுலதானே அடிக்கும்."

1977 ஆகஸ்டில் லீக்கை மூடிவிட்டார்கள். அரங்கக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆர்வோ அதை நின்று முழுக்கப் படித்தான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. வேறு ஊரில் இன்னும் இரண்டு வருடம் ஆடியிருக்கலாம், ஓர் அணி கூப்பிட்டதும் உண்டு. வெர்னாவின் பள்ளிக்கூட வேலை இங்கே, மகள் இங்கே ஒன்றாம் வகுப்பில். அவன் நகரசபைச் சாலைப் பிரிவில் மனுப் போட்டான். பனி அள்ளும் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. இருபத்தாறு குளிர்காலம் அதை ஓட்டினான். மேட்டுத் தெருக்காரர்கள் எழுந்து காபி போடுவதற்குள் அவர்கள் வாசல் சுத்தமாக இருக்கும். யார் செய்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அது அவனுக்குப் பழகிய ஏற்பாடுதான்.

ஆட்டம் போனதில் அவனுக்கு வருத்தமே இல்லையா என்றால், இருந்தது. முதல் வருடம் அக்டோபரில் மூன்று வாரம் அவன் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று வெர்னா சொன்னாள். "என்ன பண்ணுதுன்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'ங்கறான். பாதி ராத்திரி கால் ரெண்டும் தூக்கத்துல பின்னால பின்னால போகுது. என்னைக் கட்டில்லேருந்து தள்ளிட்டான் எம்மட்!" பிறகு பனி விழுந்தது, வண்டியை எடுத்தான், சரியாகிவிட்டது.

லூசியன் கியூபெக்குக்குத் திரும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டி விற்றான், கல்யாணம் செய்தான், அது முறிந்தது. 1988இல் ஒருநாள் பெட்டி படுக்கையோடு பெல்டன் ஃபால்ஸில் வந்து இறங்கினான். ஏண்டா வந்தாய் என்று கேட்டேன். "எங்க ஊர்ல என் கதைய எல்லாரும் ஒரு தடவ கேட்டுட்டாங்க" என்றான். ஆர்வோ வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய கார் வாங்கி விற்கிற கடை வைத்தான். குடியை அந்த வருடம்தான் ஒரேயடியாக விட்டான். வெர்னாதான் விடவைத்தாள். எப்படி என்று இருவருமே சொன்னதில்லை.

2009இல் ஆர்வோவுக்கு இரண்டு முழங்காலும் மாற்ற வேண்டியிருந்தது. பெரிய ஊர் மருத்துவமனைக்கு வெர்னாவும் நானும் கூடப் போனோம். எலும்பு டாக்டர் ஓர் இளம் பெண், நந்திதா ராவ் என்று பெயர். எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். கணுக்கால், தாடை, விலா என்று ஒவ்வொரு படமாக மாட்டினார்.

"மிஸ்டர் கோர்பி, நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"பனி அள்ளுற வண்டி."

"வண்டி ஓட்டி இவ்வளவு எலும்பு உடையுமா?"

வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. "பதிமூணு வருஷம் ஐஸ் ஹாக்கி ஆடினான், டாக்டர். எண்ணூத்திப் பதினோரு ஆட்டம். கேட்டாத்தான் சொல்லுவான், கேட்டாலும் சொல்லமாட்டான்."

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! எத்தனை கோல் போட்டீங்க?"

"பதினாலு" என்றான் ஆர்வோ.

"ஒரு வருஷத்துக்கா?"

"மொத்தமே."

டாக்டர் படங்களைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போய்விட்டது. ஆர்வோவும் சிரித்தான். வெர்னா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காருக்கு வரும்வரை அவள் கோபம் தீரவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு வியாழக்கிழமை அவனை வீட்டுக்கு அழைத்துவந்தோம். காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊன்றுகோலோடு அவன் இறங்க வேண்டிய இடத்தில் லூசியன் தன் காரை நிறுத்தி வைத்திருந்தான், அவனோ உள்ளே பட்டாணி சூப்பைச் சூடாக்கிக்கொண்டு அடுப்பங்கரையிலிருந்தே எதையோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். காரை எடுக்கச் சொல்லி வெர்னா வாசலில் நின்று திருப்பிக் கத்தினாள். ஆர்வோ என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், பனியில் நின்றான்.